ஏழாவது வீட்டு அரிசி

எனக்குச் சமைக்கப் பிடிக்கும். என்ன சமைக்கலாம் என்று திட்டம் போடுவது அதைவிடப் பிடிக்கும். வாரம் ஆறு நாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபாக்டரியில், வரிசையாக வருகிற பிளாஸ்டிக் பாகங்களில் கீறல் இருக்கிறதா, ஓரம் உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுகிற வேலை. கண் அங்கே இருக்கும். மனசு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் இருக்கும். தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன்.

அந்த வாரம் எனக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு. சனிக்கிழமை புரட்டாசியின் கடைசிச் சனி. மறுநாள் ஐப்பசி பிறக்கிறது. மழை தொடங்கியிருந்தது. சனிக்கிழமைக்கு எதிரே புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல், சுண்டல், உளுந்து வடை, மாவிளக்கு என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மடவை மீன் குழம்பு, மிளகு ரசம். அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் தன் கோணல் கையெழுத்தில், “எறா தொக்கு. நண்டு. கேள்வி கேக்கக் கூடாது” என்று எழுதிவைத்திருந்தார். அவர் பழவேற்காட்டுக்காரர். ஏரியில் வலை வீசுகிற குடும்பம். ஒரு மாதமாக மீன் இல்லாமல் இருந்ததில் மனிதர் மீன்கார அம்மாவின் குரல் கேட்டாலே தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது.

“சனிக்கெழம நாங்க ரெண்டு பேரும் வரோம்.”

“ரெண்டு பேருன்னா?”

“நானும் உங்க நைனாவும்தான். வேற யாரு, ஊர்த் தலைவரா?”

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் கிராமம், நெல் போடுகிற குடும்பம். என் கல்யாணம் நைனாவைக் கேட்டு நடக்கவில்லை. நானும் இவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, ஒருநாள் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். நைனா அடிக்கவில்லை, கத்தவில்லை. “நீ நல்லா இரு. ஆனா உன் ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். ஏழு வருஷமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்தபோது வந்தார், கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். இரண்டு தடவையும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தாகத்துக்குக்கூட எங்கள் வீட்டுத் தண்ணீர் கிடையாது. ஊரிலிருந்து ஒரு பச்சை பாட்டிலில் கொண்டுவருவார். அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் பேசியதில்லை. பேச வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

இந்தத் தடவை அவரைக் கட்டி இழுத்துவருவது பெருமாள். போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போன நாலு நாளில், அம்மா வேண்டிக்கொண்டாளாம். குழந்தை எழுந்து நடந்தால், அடுத்த புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை மகள் வீட்டிலேயே பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைப்பதாக. அதற்கு நைனா நாமம் போட்டுக்கொண்டு ஏழு வீட்டில் அரிசி வாங்கிவருவதாக. நைனாவைக் கேட்கவில்லை. அவருக்காகத் தானே வேண்டிக்கொண்டுவிட்டாள். அம்மா சாதாரண ஆளில்லை.

சொம்புக்கு நாமம் போட்டு, வீடு வீடாக நின்று கோவிந்தா சொல்லி வாங்குகிற அரிசியில்தான் பெருமாளுக்குப் பொங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதில் இரண்டு சட்டம் உண்டு. சொந்த வீட்டில் வாங்கக் கூடாது. வாங்கினவர்தான் அந்தப் பொங்கலை முதலில் சாப்பிட வேண்டும்.

“அப்போ நைனா நம்ப ஊட்ல சாப்புடுவாரு!” என்றேன்.

“ஆசப்படாத. நான் கேட்டுட்டேன். ஏழு ஊட்டு அரிசின்னா அது பெருமாளுது, உன் ஊட்டுது இல்லன்றாரு. அதுல ஒரு வாய் போட்டுகினு மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிடுவாரு. சத்தியமும் காப்பாத்திக்கினாரு, சாமியயும் காப்பாத்திக்கினாரு. அவரு சங்கதி எனக்குத் தெரியாதா?”

அடப்பாவி மனுஷா என்று நினைத்தேன். ஆனாலும் போனை வைத்ததும் முதல் வேலையாகத் தாளை எடுத்து, புளியோதரைக்குப் பக்கத்தில் ‘வேர்க்கடலை நிறைய’ என்று எழுதினேன். நைனாவுக்குப் புளியோதரையில் கடலை கடிபட வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் வீட்டைக் கழுவ ஆரம்பித்தேன். பாத்திரம், மேடை, அலமாரி, சுவர் டைல்ஸ் வரை தேய்த்தேன். மீன் சட்டியைக் கொல்லையில் கவிழ்த்தேன். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. என் மாமியார் பழவேற்காட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கருவாடு. அதை இறக்கி, இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி, வாசலில் மாடிப்படிக்குக் கீழே தள்ளிவைத்தேன்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். “இன்னாத்துக்கு அது வெளிய போவுது?”

“நாளைக்குத் தளிகை. கருவாடு உள்ள இருக்கலாமா?”

“போன வருசமும்தான் தளிகை போட்ட. அதுக்கு முந்தின வருசமும் போட்ட. டின்னு மேலதான் இருந்துச்சி. அப்பல்லாம் பெருமாளுக்கு மூக்கு இல்லியா?”

“அப்பல்லாம் நைனா வரல.”

“அப்டிச் சொல்லு.” காலியாகக் கிடந்த மேல்தட்டைப் பார்த்தார். பிறகு, “எங்கம்மா குடுத்தது வெளிய போவணும்னா, அவங்க பெத்தது உள்ள இருக்கலாமா? நானும் படிக்கட்டுக்குக் கீழ போய்க் குந்திக்கட்டா?” என்றார்.

“பேஜாரு பண்ணாதப்பா. ஒரு நாளு.”

“ஏழு வருசமா ஒரு நாளு ஒரு நாளுன்ற.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் சொன்னது நிஜம். நைனா கருவாட்டுக் குழம்பு என்றால் இரண்டு தட்டுச் சோறு உள்ளே தள்ளுகிற ஆள். கருவாட்டில் குற்றமில்லை, அது யார் வீட்டுக் கருவாடு என்பதில்தான் எல்லாம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தும் டின்னைத் திரும்ப எடுத்துவைக்கவில்லை. நைனா சாப்பிட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது எனக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. அதோடு புளிக்காய்ச்சல் கிண்டினேன்.

சனிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. கவரைப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அரை மணி மழை போதும், குளமாகிவிடும். மூன்று பஸ் மாறி, முழங்கால்வரை நனைந்து, இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அம்மா நேரே அடுப்படிக்கு வந்தாள். நைனா வாசலிலேயே வேட்டியைப் பிழிந்துவிட்டு, படிக்கட்டு ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சை பாட்டிலைத் தரையில் வைத்தார்.

“நாஷ்டா சாப்டறியா நைனா?” என்று தெரிந்தே கேட்டேன்.

“விரதம்.”

தப்பிக்க நல்ல வழி. நான் உள்ளே போய்விட்டேன்.

நாமம் போட்டு, சொம்பில் மஞ்சள் துணி கட்டி, துளசி வைத்ததும் ஒரு சிக்கல் வந்தது. சொம்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், குடை பிடிக்க முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. என் இரண்டு கையிலும் மாவு. மகளை இந்த மழையில் அனுப்ப முடியாது, அவள் காய்ச்சலுக்குத்தானே இந்த வேண்டுதலே. மிச்சம் இருந்தது ஒரே ஆள். என் வீட்டுக்காரர் பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நைனாவுக்குப் பின்னால் போய் நின்றார். நைனா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். குடை முழுக்க நைனாவுக்கு மேலே இருந்தது. இவர் தலை மழையில் இருந்தது.

எனக்கு அடுப்பில் கை ஓடவில்லை. படையலுக்கு முன்னால் எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு போட்டேனா, ஒரு தடவையா, இரண்டு தடவையா? அம்மாவைக் கேட்டால் “மோந்து பாரு, தெரியும்” என்கிறாள். உப்புக்கு எங்கே வாசனை? வடைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். எதிர் வீட்டில் நர்ஸ் அம்மா அரிசி போடுவது தெரிந்தது. அடுத்து கோடி வீட்டு பாய். அவர் மனைவி பிரியாணி அரிசியை ஒரு படி நிறைய கொண்டுவந்து கொட்டினார். அதற்கடுத்து ஒடிசா பையன்கள் ஆறு பேர் தங்கியிருக்கிற அறை. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தன் ஓட்டை இந்தியில் ஏதோ சொன்னார். ஒரு பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, அரிசி போட்டு, நைனா காலைத் தொட்டான். நைனா ஒரு கணம் ஆடிப்போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் முனை திரும்பிவிட்டார்கள்.

எண்ணெய் புகைந்தது. அம்மா திட்டினாள். வடை முதல் ஈடு கருகிப்போனது.

ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம் என்று ஒரு டீக்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றார்களாம். ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில், பேச்சில்லாமல். இவர் டீ குடிக்கலாமா என்று கேட்டதற்கு நைனா மழையைப் பார்த்து “விரதம்” என்றாராம். இதெல்லாம் பிறகு இவர் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மணி பதினொன்றேமுக்கால் ஆகிவிட்டது, ஆளைக் காணோம், இரண்டு பேருக்கும் சண்டையோ என்னவோ என்பதுதான். ஒன்றரைக்குள் படைக்காவிட்டால் எமகண்டம் வந்துவிடும், மூன்று மணிக்கு பஸ்.

வந்தார்கள். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

“ஆறுதான்” என்றார் என் வீட்டுக்காரர். “பாதி ஊடு பூட்டியிருக்குது, எல்லாம் ஓவர்டைமுக்குப் போய்க்கினாங்க. அடுத்த தெருவுல இடுப்பளவு தண்ணி. நான் வேணா நீந்திப் போய் வாங்கியாரேன்.”

“நீங்க வாங்கினா செல்லாது. அவருதான் வாங்கணும்” என்றாள் அம்மா. “வேண்டுதல் ஏழு. ஆறோட உட முடியாது.”

“ஆறு போதும்மா, பெருமாள் கோச்சிக்க மாட்டாரு” என்றேன்.

“கொழந்த படுத்துக் கெடந்தப்ப இந்தக் கணக்கு பேசினியா நீ?”

நைனா முழங்கால் நடுங்க நின்றுகொண்டிருந்தார். சொம்பை மட்டும் மார்போடு அணைத்திருந்தார். இனி ஒரு தெரு நடக்க அவரால் முடியாது. எல்லாம் பாழாகப் போகிறது, நைனா வந்த வழியே போகப் போகிறார், இனி இந்த வாசலுக்கு வரவும் மாட்டார் என்று எனக்கு அழுகை முட்டியது.

நைனா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பாதி திறந்திருந்த எங்கள் கேட்டை இழுத்து, தன்னை வெளியே வைத்துச் சாத்தினார். பிறகு வீட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்று, குரல் கொடுத்தார்.

“கோவிந்தா! கோ...விந்தா!”

எனக்குத் தலையில் ரத்தம் ஏறியது. “இன்னா நைனா இது? சொந்த ஊட்ல வாங்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ? அப்போ இது அந்நிய ஊடா? நான் அந்நியமா?” என்று மழையில் இறங்கிவிட்டேன்.

“நீ சும்மா இரு. இது உன் ஊடு இல்ல” என்றார் நைனா. “உம் புருசன் ஊடு. அவரு போட்டா நான் வாங்கிக்கலாம்.” சொம்பை முன்னால் நீட்டினார். “போடச் சொல்லு அவர.”

அவர். ஏழு வருஷத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அவன் என்றுகூடச் சொன்னதில்லை. எனக்குக் கோபமும் போகவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

என் வீட்டுக்காரர் குடையை நைனா கையில் கொடுக்கப் பார்த்து, அவர் கையில் சொம்பு இருப்பதைப் பார்த்து, குடையைக் கேட்டில் மாட்டிவிட்டு, உள்ளே ஓடினார். ஈரக் காலோடு ஹாலெல்லாம் சேறு. அரிசி டிரம்மைத் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து, கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டிச் சொம்பில் போட்டார். நிறைந்து வழிந்தது. வழிந்த அரிசியை நைனா விரலால் உள்ளே தள்ளினார்.

“கோவிந்தா” என்றார், மெதுவாக.

அந்த அரிசியைப் பொங்கினேனே, அது ஒரு கதை. பச்சரிசி, ரேஷன் புழுங்கல், பிரியாணி அரிசி, ஒடிசா பையன்களின் பருமனான அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஒன்று குழைந்துபோனது, ஒன்று வேகவே இல்லை. வெல்லம் போட்டால் வேகாதது அப்படியே நின்றுவிடும். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கிண்டி, கை வலித்து, எப்படியோ இறக்கினேன். மாவிளக்கு ஏற்றி, கற்பூரம் காட்டி முடித்தபோது மணி ஒன்று இருபது. எமகண்டத்துக்குப் பத்து நிமிஷம்.

நைனா உள்ளே வந்து தரையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பொங்கலை வைத்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். வேகாத அரிசி ஒன்று கடக்கென்று கடிபட்டது, எனக்கே கேட்டது. இதோ எழுந்துவிடுவார் என்று நான் புளியோதரைக் கரண்டியோடு நின்றேன். அது முழுக்க எங்கள் வீட்டு அரிசி. அதை எந்த வீட்டிலும் வாங்கவில்லை.

“இன்னாத்துக்குக் கையிலயே வச்சிகினு நிக்கிற?” என்றார் நைனா. “வய்யி.”

வைத்தேன். கடலையைத் தேடித் தேடித் தின்றார். உப்பு தூக்கலாகத்தான் இருந்ததாம், இரண்டு தடவை போட்டிருக்கிறேன். நைனா இலையை வழித்துத் தின்றார். பச்சை பாட்டிலை எடுத்தார், காலி. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பக்கமாக நகர்த்தினார்.

“ரொப்பிக் குடுப்பா” என்றார். சுவரைப் பார்க்காமல், அவரைப் பார்த்து.

இவர் கேன் குழாயைத் திறந்துவிட்டு, பாட்டில் நிறைந்து தரையெல்லாம் ஓடுகிறவரை அப்படியே நின்றார். மூடுப்பா, ஊடு மிதக்குது என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

இரண்டரைக்கு மழை கொஞ்சம் விட்டது. நைனா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவர், நாற்காலிப் பக்கம் நின்றார். காலால் படிக்கட்டுக்குக் கீழே காட்டினார். நான் கட்டிவைத்த பை அவிழ்ந்து, டின் பாதித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. காலையிலும், பொங்கல் வேகிறவரையும் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழத் தூரம். அவ்வளவு நேரமும் அந்த வாசனையில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“சம்மந்திம்மா குடுத்ததா?” என்றார்.

தலையை ஆட்டினேன். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“நல்ல கருவாட்ட எட்துகினு போய் மழையில வச்சிருக்கியே, இன்னா பொம்பள நீ? உள்ள எட்து வய்யி.”

பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவோடு தெருத் தண்ணீரில் இறங்கி நடந்தார். இவர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.